ஒரகடம் லாரிகள்: கிலோமீட்டர் கணக்கின் கதை

நம்ம ஊர் லாரி டிரைவரிடம் "வண்டி என்ன மைலேஜ்?" என்று கேட்டால், "லோடோட நாலு கொடுக்கும்ணே" என்று பதில் வரும். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் இங்கே மைலேஜ். அமெரிக்காவில் ஒரு டிரைவரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் அவர் கையை நீட்டுவது ஒரு ஏட்டை நோக்கி. இந்த மூன்று மாதத்தில் வண்டி எந்த மாநிலத்துக்குள் எத்தனை மைல் ஓடியது என்று எழுதி வைத்த கணக்கு அது. இந்தியாவில் எடை அளவுச் சட்டம் 1956-ல் வந்து மெட்ரிக் முறை கால் ஊன்றி, மைல் கல்லெல்லாம் கிலோமீட்டர் கல்லாக மாறிவிட்டது. 'மைலேஜ்' என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. ஆனால் அர்த்தம் மாறிப் போச்சு!

அமெரிக்கர்கள் மாநில வாரியாக மைல் எழுதுவதற்குக் காரணம் வரி. ஒரு லாரி டெக்சாஸில் டீசல் போட்டுக்கொண்டு நான்கு மாநிலம் ஓடினால், வரி டெக்சாஸுக்கு மட்டும் போவது நியாயமா? தேய்ந்தது நான்கு மாநிலத்து ரோடும்தானே. அதனால் 1983-ல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் என்ற மூன்று மாநிலங்கள் கூடி ஒரு எரிபொருள் வரி உடன்பாடு செய்துகொண்டன. 1990-களில் கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்தன. எங்கே டீசல் வாங்கினாலும் சரி, எங்கே ஓடினாயோ அந்தக் கணக்குப்படி வரி பிரியும். அதற்கு ஓடிய மைல் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தியாவில் அந்தத் தொல்லை கிடையாது. டீசல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. எந்த மாநிலத்து பங்கில் டீசல் போடுகிறோமோ அந்த மாநிலத்துக்கு வாட் வரி, கதை முடிந்தது. எங்கே விலை குறைவோ அங்கே டேங்கை நிரப்பிக்கொள்வது டிரைவரின் சாமர்த்தியம்.

அப்படியானால் இந்திய லாரியில் கிலோமீட்டர் கணக்கு எதற்காக எழுதப்படுகிறது? யாருக்காக? இதற்குப் பதில் தேடினால் எண்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சட்ட வரலாறு வருகிறது. அந்த வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு ஒரகடத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை.

ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடம். ஒன்று வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போவது, மற்றொன்று சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போவது. ஏரியும் வயலுமாக இருந்த பகுதி. பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-ல் அடிக்கல் நாட்டி, 1998-ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. அதன் பிறகு இந்தப் பக்கம் முழுக்க மாற ஆரம்பித்தது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. அப்போலோ டயர்ஸ் வந்தது. 2012 ஏப்ரலில் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை சுமார் 400 ஏக்கரில் திறக்கப்பட்டு, பாரத்பென்ஸ் லாரிகள் வெளிவந்தன. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆய்வு மையமும் இங்கேயே இருக்கிறது. அதாவது லாரி தயாராவதும், லாரிக்கு டயர் தயாராவதும், லாரி சட்டப்படி இருக்கிறதா என்று சோதிப்பதும், லாரியில் சரக்கு ஏற்றுவதும் எல்லாம் சில கிலோமீட்டருக்குள்!

இவ்வளவுக்கும் மேலே, லாரி காத்திருப்பதும் இங்கேதான். ஆலைகள் உதிரிபாகத்தைக் குவித்து வைப்பதில்லை. வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு வந்து சேர வேண்டும் என்பது இப்போதைய உற்பத்தி முறை. கிடங்கில் இருக்க வேண்டிய சரக்கு கேட்டுக்கு வெளியே லாரியில் இருக்கிறது என்றும் இதைச் சொல்லலாம். முன்னாடியே வந்துவிட்டால் கூப்பிடும் வரை டிரைவர் ரோட்டோரம் நிற்க வேண்டும். லேட்டாக வந்தால் டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு அபராதம். அதனால் எல்லோரும் முன்னாடியே வந்துவிடுகிறார்கள். இந்தக் காத்திருப்பை நினைவில் வைத்துக்கொள்ளவும், பிறகு தேவைப்படும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவில் மோட்டார் வாகனத்துக்கு நாடு முழுவதற்குமான முதல் சட்டம் 1914-ல் வந்தது. அது சிறிய சட்டம். லாரியும் பஸ்ஸும் பெருகி, ரயிலோடு போட்டி போட ஆரம்பித்த பிறகு 1939-ல் விரிவான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பர்மிட், ஆர்.டி.ஏ. என்று இன்று நமக்குத் தெரிந்த பல விஷயங்கள் அதில்தான் உருவாயின. அதில் 65-வது பிரிவு டிரைவரின் வேலை நேரத்தைப் பற்றியது. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது, இன்றைக்குப் படித்தாலும் நியாயமாகத்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம் அதே பிரிவில் கொஞ்சம் கீழே இருக்கிறது. வேலை நேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, அதைப் பதிவு செய்து வைக்கும்படி முதலாளியிடம் மாகாண அரசு கேட்கலாம் என்கிறது சட்டம். கேட்"கலாம்". கேட்க வேண்டும் என்று இல்லை. இந்த ஒரு 'லாம்' பின்னால் வந்த எல்லாச் சட்டத்திலும் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

அதே 1939-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐ.எல்.ஓ.) சாலைப் போக்குவரத்து வேலை நேரம் பற்றி 67-ஆம் எண் உடன்பாட்டை நிறைவேற்றியது. அதில் 'லாம்' இல்லை. ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் பெயரில் ஒரு கட்டுப்பாட்டு ஏடு இருக்க வேண்டும், அதில் வேலை நேரமும் ஓய்வு நேரமும் எழுதப்பட வேண்டும் என்று சொன்னது. வண்டிக்கு ஒரு புத்தகம் அல்ல, ஆளுக்கு ஒரு புத்தகம். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் அதில்தான் எல்லாமே இருக்கிறது. (அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடுகள் ரொம்பக் குறைவு என்பது வேறு விஷயம். 1979-ல் 153-ஆம் எண் உடன்பாடு அதன் இடத்துக்கு வந்தது.)

சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நீண்ட தூர ரூட் என்றால் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் 12 மணி நேரத்துக்குள் அந்த நாள் வேலை முடிந்துவிட வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை. தாளில் குறையே இல்லை.

குறை எங்கே என்றால், அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது பஸ் டெப்போ. 18-வது பிரிவைப் பார்த்தால் தெரியும். தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் காட்டும் அறிவிப்பு நிறுவனத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. பஸ் டெப்போவில் இது சரியாக வரும். காலை 4.50-க்கு எடுக்கும் வண்டி மதியம் 1.20-க்கு டெப்போவுக்குத் திரும்பும் என்று முன்னாடியே தெரியும். கண்டக்டரிடம் டிரிப் ஷீட் இருக்கும், டைம் கீப்பர் இருப்பார், வெறும் வண்டியாக ஓடிய தூரம்கூடத் தனியாகக் குறிக்கப்படும். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் லோடு ஏற்றி குருகிராமுக்குக் கிளம்பும் லாரி டிரைவர் எந்தச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்ப்பார்?

இன்னொரு குறை, ஐந்து என்ற எண். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் 1961 சட்டம் பொருந்தியது. நாமக்கல், சங்ககிரி பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். கடன் வாங்கி வண்டி எடுத்து, தானே ஓட்டுபவர்களும் உண்டு. அந்த ஒற்றை லாரி இந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படவில்லை. 1988-ல் புது மோட்டார் வாகனச் சட்டம் வந்தபோது இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. அதன் 91-வது பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்டும் யாராக இருந்தாலும் அவருடைய வேலை நேரம் 1961 சட்டத்தில் உள்ளபடியே இருக்கும் என்று சொல்லிவிட்டது. நல்லது. ஆனால் பதிவு விஷயத்தில்? மாநில அரசு நேரத்தைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்ய'லாம்'. ஐம்பது வருடம் கழித்தும் அதே வார்த்தை!

மூன்றாவது குறைதான் ஒரகடத்துக்கு நேராகப் பொருந்துவது. வேலை நேரம் என்றால் என்ன என்று 1961 சட்டம் விளக்கம் சொல்கிறது. வண்டி ஓடும் நேரம் சேரும். வண்டி சம்பந்தப்பட்ட துணை வேலைகள் சேரும். அடுத்து, முனையங்களில் "சும்மா காத்திருக்கும்" நேரம், 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் சேரும். அப்படியானால் 15 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்? பஸ் ஸ்டாண்டில் அடுத்த டிரிப்புக்குக் காத்திருக்கும் டிரைவர் டீ குடிக்கலாம், கட்டையைச் சாய்க்கலாம், அது ஓய்வு மாதிரிதான் என்று யோசித்து இப்படி எழுதியிருக்கலாம். ஆனால் ஆலை கேட்டுக்கு வெளியே ஆறு மணி நேரம் நிற்கும் லாரி டிரைவர் தூங்கவும் முடியாது, வண்டியை விட்டு நகரவும் முடியாது. வரிசை நகர்ந்தால் வண்டியை நகர்த்த வேண்டும், டோக்கன் நம்பர் கூப்பிட்டால் ஓட வேண்டும். அந்த ஆறு மணி நேரம் வேலையா, ஓய்வா? ஒரு வக்கீல் வேலை என்று வாதாடலாம், இன்னொரு வக்கீல் இல்லை என்று வாதாடலாம். வாதாடுவதற்கு முதலில் அந்த ஆறு மணி நேரம் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டுமே. எழுதப்படுவதில்லை. கிலோமீட்டர் மீட்டர் அப்போது ஓடாது. கிலோமீட்டருக்கும் டிரிப்புக்கும் பேட்டா வாங்கும் டிரைவருக்கு அந்த நேரம் கணக்கிலேயே இல்லாத நேரம்.

இங்கே கொஞ்சம் ஐரோப்பாவைப் பார்க்கலாம். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் டெய்ம்லரின் சொந்த நாடான ஜெர்மனியில் 1950-களிலேயே கனரக லாரிகளுக்கு டாகோகிராஃப் கட்டாயமாகிவிட்டது. டாகோகிராஃப் என்பது டாஷ்போர்டில் இருக்கும் ஒரு கருவி. உள்ளே வட்டமான காகிதத் தட்டு ஒன்று 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். வேகம், ஓடிய தூரம், நின்ற நேரம் மூன்றையும் ஊசிகள் அதில் கீறிக்கொண்டே போகும். அந்தத் தட்டில் டிரைவர் தன் பெயரை எழுதிப் போட வேண்டும். 1970-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் விதியாக்கியது. பிரிட்டனில் டிரைவர்களே இதை எதிர்த்தார்கள்! "கேபினுக்குள் ஒரு உளவாளி" என்று தொழிற்சங்கங்கள் பெயர் வைத்தன. பிரிட்டிஷ் அரசு சும்மா இருந்துவிட, 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, அதன் பிறகுதான் கருவி வந்தது. 2006 மே மாதத்திலிருந்து புது வண்டிகளுக்கு டிஜிட்டல் டாகோகிராஃப். டிரைவருக்கு அவர் பெயரில் ஏ.டி.எம். கார்டு மாதிரி ஒரு கார்டு. கார்டைச் செருகி ஓட்ட வேண்டும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். வேறு வண்டிக்கு மாறினாலும் கார்டு கூடவே போகும், கணக்கும் கூடவே போகும்.

அமெரிக்காவில் 1930-களின் கடைசியிலிருந்தே டிரைவர் கையால் எழுதும் லாக் புக் இருந்தது. பொய்க் கணக்கு எழுதுவது சகஜமாகி, டிரைவர்களே அதை "காமிக் புக்" என்று கிண்டல் செய்தார்கள். 2017 டிசம்பரில் எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி கட்டாயமானது. ஆக, கையால் எழுதும் ஏட்டில் பொய் எழுதலாம் என்பது உண்மைதான். ஆனாலும் பொய் எழுதுவதற்காவது ஒரு ஏடு வேண்டும் அல்லவா? இந்திய லாரி டிரைவர் கையில் அதுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்திய அரசுக்கு லாரியின் தூரத்தில் அக்கறையே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அக்கறை நிறையவே உண்டு. ஆனால் அது வேறு துறையிலிருந்து வந்தது.

தேசிய பர்மிட் திட்டம் 1975-ல் வந்தது. வெளி மாநிலத்துக்குப் போகும் லாரி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக வருடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2010 மே மாதத்தில் அதை எளிமையாக்கி, நாடு முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 15,000 ரூபாய் என்று ஒரே கட்டணமாக்கினார்கள் (பிறகு 16,500 ஆனது). வசூலான பணம் ஒரு சூத்திரப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கப்படும். அமெரிக்கா ஒவ்வொரு லாரியும் ஓடிய மைலை எண்ணித் தீர்த்த கணக்கை, இந்தியா மைலே எண்ணாமல் மொத்தமாகத் தீர்த்துக்கொண்டது. நிர்வாகத்துக்கு இது சுலபம் என்பதில் சந்தேகமில்லை.

வருமான வரியிலும் இதே கதைதான். பி.காம். மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் 44ஏஇ பிரிவு 1961 வருமான வரிச் சட்டத்தில் 1994-ல் சேர்க்கப்பட்டது. பத்து லாரி வரை வைத்திருப்பவர் கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம், ஒரு லாரிக்கு மாதம் இவ்வளவு வருமானம் என்று அனுமானித்து வரி கட்டினால் போதும். லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஓடாமல் ஷெட்டில் கிடந்ததா என்பது வரித்துறைக்குத் தேவையில்லை. சிறு முதலாளிக்கு இது பெரிய நிம்மதி, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு சின்ன லாரி ஆபீஸில் தூரத்தையும் நேரத்தையும் ஒழுங்காக எழுதி வைக்க இருந்த கடைசிக் காரணமும் அதோடு போய்விட்டது. கணக்கு எழுதாத இடத்தில் டிரைவருக்கு மட்டும் தனியாக யார் கணக்கு எழுதப் போகிறார்கள்?

பிறகு 2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்தது, மாநில எல்லைகளில் இருந்த வணிக வரி செக்போஸ்ட்கள் எடுக்கப்பட்டன. வாளையாறு மாதிரி இடங்களில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்தது. செக்போஸ்ட்டின் இடத்துக்கு வந்தது இ-வே பில். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு அதே வருடம் ஜூன் 2 முதலும் நடைமுறைக்கு வந்தது. மாநிலம் தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் என்றால் வரம்பு 1 லட்சம்.

இந்த இ-வே பில்லில்தான் கிலோமீட்டர் முதல் முறையாகச் சட்டத்தின் நடு மேடைக்கு வந்தது. பில் எத்தனை நாள் செல்லும் என்பதை முடிவு செய்வது தூரம். ஆரம்பத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அனுப்பும் இடத்து பின்கோடும் சேரும் இடத்து பின்கோடும் கொடுத்தால் தூரத்தை கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். அதை விட 10 சதவீதம் வரை கூட்டிப் போடலாம், அதற்கு மேல் முடியாது. ஒரகடத்திலிருந்து டெல்லி பக்கம் சுமார் 2,200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2020-ல் 22 நாள் இருந்த அவகாசம் 2021-ல் 11 நாளாகிவிட்டது. ஓசூர் சுமார் 270 கிலோமீட்டர், இரண்டு நாள். நாள் தாண்டினால், காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்க வேண்டும். நீட்டிக்கக் காரணம் கேட்கும். இயற்கைச் சீற்றம், சட்டம் ஒழுங்கு, வண்டி மாற்றம், விபத்து, மற்றவை. டிரைவருக்கு அசதி என்றால் 'மற்றவை'யில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நேர்மையாகச் சொன்னால், ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் லாரிக்குக் கஷ்டமில்லை. நான்கு வழிச் சாலையில் ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். இ-வே பில்தான் டிரைவரைத் தூங்கவிடாமல் துரத்துகிறது என்று சொன்னால் அது மிகை. துரத்துவது டெலிவரி நேரமும் டிரிப் பேட்டாவும்தான். விஷயம் வேறு. இந்தச் சட்டம் லாரிக்குக் குறைந்தபட்சத் தூரத்தை வைத்திருக்கிறது, நாளுக்கு இவ்வளவாவது ஓடியாக வேண்டும் என்று. அதற்குப் பக்காவான பதிவும் இருக்கிறது. அதிகபட்சம் எவ்வளவு ஓட்டலாம் என்பதை 1961 சட்டம் சொல்கிறது. அதற்குப் பதிவு இல்லை. ஒரு கை மட்டும் எழுதுகிறது.

பதிவு இருக்கும் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவில் ஒரு வழக்கு உண்டு. 2020 ஜனவரியில் சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற கம்பெனி அனுப்பிய காகிதம் போராட்டத்தால் ரோடு அடைபட்டு, பில் காலாவதியான பிறகு போய்ச் சேரப் பார்த்தது. வரி அதிகாரி பிடித்து வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வாங்கிவிட்டார். கம்பெனி உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தது. அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளியதோடு, உயர் நீதிமன்றம் போட்ட 10,000 ரூபாய் செலவுத் தொகைக்கு மேல் இன்னும் 59,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. கூட்டிப் பார்த்தால் அதே 69,000! சில மணி நேரத் தாமதத்துக்காக ஒரு கணக்கு டெல்லி வரைக்கும் போயிருக்கிறது. டிரைவரின் எட்டு மணி நேரம் தாண்டியதற்காக இப்படி ஒரு கணக்கு மேலே போக வேண்டுமானால் கையில் என்ன ஆதாரம் இருக்கும்?

இ-வே பில்லின் இரண்டாம் பகுதியில் வண்டி நம்பர் கேட்கும். டிரைவர் பெயர் கேட்காது. 2021 பிப்ரவரியில் எல்லா டோல்கேட்டிலும் ஃபாஸ்டாக் கட்டாயமானது, அதே வருடம் இ-வே பில்லோடு அது இணைக்கப்பட்டது. இப்போது ஒரு லாரி ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது, அடுத்த டோல்கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது எல்லாம் நிமிடச் சுத்தமாக இருக்கிறது. வண்டி 20 மணி நேரம் ஓடியது என்று சொல்ல முடியும். ஓட்டியது ஒருவரா, இருவரா என்று சொல்ல முடியாது.

இருவர் இருக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது. தேசிய பர்மிட் உள்ள கனரக லாரியில் இரண்டு டிரைவர்கள், ஒருவர் நீட்டிப் படுத்துத் தூங்க வண்டியின் முழு அகலத்துக்கு ஒரு சீட் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-வது விதி சொன்னது. நடைமுறையில் கிளீனரே இரண்டாவது டிரைவர் என்று ஓட்டியவர்கள் உண்டு. 2018 நவம்பரில் இரண்டு டிரைவர் விதி தளர்த்தப்பட்டது. கேபினுக்கு வேறு வகையில் கவனிப்பு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம்தான். வெயில் காலத்தில் அந்தக் கேபினில் உட்கார்ந்தவர்களுக்கு அருமை தெரியும்.

நேரப் பதிவு இல்லாததால் வரும் நஷ்டம் எங்கே தெரியும் என்றால், எங்கேயும் தெரியாது. அதுதான் சிக்கல். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் விபத்துகள் 64,105, எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். விதிமீறல் வாரியாகப் பிரிக்கும் அட்டவணையில் அதிவேகம், குடிபோதை, தவறான பக்கம் ஓட்டுதல், சிக்னல் மீறல், செல்போன், மற்றவை என்று இருக்கிறது. பதினாறு மணி நேரம் ஓட்டிவிட்டு ஸ்டியரிங்கில் கண் அசந்தவருக்கு அங்கே தனி இடம் இல்லை. மறுபடியும் 'மற்றவை'. அல்லது வண்டி வேகமாக வந்தது என்று அதிவேகத்தில் சேர்ந்துவிடும். எத்தனை மணி நேரமாக ஓட்டினார் என்று விசாரிக்கப் போலீஸ்காரரிடம் ஒரு ஏடும் கிடையாது.

இதைத் தட்டிக் கேட்டதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் விபத்தில் சிக்கி வருபவர்களைத் தினம் பார்ப்பவர். 2012-ல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2014-ல் அதில்தான் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. வழக்கு முடிந்துவிடவில்லை. 2021-ல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளுக்கு இருப்பது போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரம் நிர்ணயிக்க வேண்டும் என்று பேசினார். (1939-லிருந்து நிர்ணயித்துத்தானே இருக்கிறது என்று யாரும் குறுக்கே கேட்கவில்லை போலும்!) அதன் பிறகு 2025 ஏப்ரலில், அதே ராஜசேகரன் வழக்கில், உச்ச நீதிமன்றம் டிரைவர்களின் 8 மணி நேர விதியைக் கையில் எடுத்தது. 91-வது பிரிவையும் 1961 சட்டத்தையும் எப்படி அமல்படுத்துவது என்று எல்லா மாநிலங்களையும் கூட்டிப் பேசும்படி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது. மாநிலங்கள் அறிக்கை கொடுக்க ஆகஸ்ட் கடைசி வரை கெடு.

அந்தக் கெடு முடிந்து மூன்று மாதத்துக்குள், 2025 நவம்பர் 21-ஆம் தேதி, நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்தன. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. எட்டு மணி நேரம் புதுச் சட்டத்திலும் இருக்கிறது. 91-வது பிரிவும் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, அந்த 'லாம்' உட்பட. ஒரகடம் கூட்டு ரோட்டில் நிற்கும் டிரெய்லரின் இ-வே பில் எப்போது முடியும் என்று டிரைவரின் செல்போனிலேயே பார்க்கலாம். நேற்று ராத்திரி அவர் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார் என்று தெரிய வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.